ஒரே நிறத்தில் இரண்டு குடைகள்

எங்கள் படத்தின் முதல் வடிவத்தை வகுப்பு நண்பர்கள் எட்டுப் பேருக்குப் போட்டுக் காட்டினோம். முடிந்து விளக்கைப் போட்டதும் சில நொடிகள் யாரும் பேசவில்லை. பயத்தில் உறைந்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு நாங்கள் நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகைத்ததை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. பிறகு முன்வரிசையில் இருந்த ஒருவர், எங்கள் மனம் புண்பட்டுவிடக் கூடாதே என்ற தயக்கத்தோடு, "தன்னுடைய குடையைப் பார்த்தே அவள் ஏன் அப்படிப் பயப்படுகிறாள்?" என்று கேட்டார். மற்றவர்களுக்கும் அதே ஐயம்தான் என்பது அவர்கள் தலையாட்டிய விதத்திலேயே தெரிந்துவிட்டது.

ஒரு முழுநீளத் திகில் படம் இருப்பதாக வைத்துக்கொண்டு, அதன் தொடக்கத்தை மட்டும், டைட்டில்களோடு சேர்த்து இரண்டு நிமிடத்துக்கு மிகாமல் எடுக்க வேண்டும் என்பதும், எடுத்தபின் அந்த அனுபவத்தைப் பற்றி எழுதித் தர வேண்டும் என்பதும் எங்களுக்கு இடப்பட்ட பணி. எழுதித் தர வேண்டியதை எழுதிக் கொடுத்துவிட்டேன். அதில் கலைச்சொற்கள் எல்லாம் ஒழுங்காக, அதனதன் இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன. அந்த ஒழுங்குக்குள் அடங்காமல் போனது இந்தக் குடைக் கேள்வி எங்களைப் படுத்திய பாடு. அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

கதை மிகச் சிறியது. மழை கொட்டும் இரவில், தனியாக வசிக்கும் ஒரு பெண் வீடு திரும்புகிறாள். பூட்டைத் திறந்து உள்ளே வருகிறாள். நனைந்த குடையைச் சுவரோரம் சாய்த்து வைக்கிறாள். கதவைத் தாழிட்டுவிட்டு அறைக்குள் போகிறாள். சற்று நேரம் கழித்து எதையோ எடுக்க மறுபடியும் வாசலுக்கு வரும்போது, சுவரோரம் இரண்டு குடைகள் சாய்ந்திருப்பதையும், இரண்டிலிருந்தும் நீர் சொட்டிக்கொண்டிருப்பதையும் பார்க்கிறாள். திரை இருள்கிறது, படத்தின் பெயர் தோன்றுகிறது. வீட்டுக்குள் இன்னொருவர் இருக்கிறார் என்பதை ஒரு வசனம்கூட இல்லாமல் சொல்லிவிட்டோம் என்று காகிதத்தில் படித்தபோது எங்களுக்குப் பிடிபடாத பெருமை.

கோளாறு குடையின் நிறத்தில்தான் இருக்கிறது என்று முதலில் எண்ணினோம். ஒன்று என் குடை, மற்றொன்று ஒளிப்பதிவு செய்த நண்பருடையது, இரண்டும் கறுப்பு. படம்பிடித்த இடத்தில் ஆறடி தொலைவில் நின்று பார்த்தவர்களுக்கு அவை இரண்டாகத்தான் தெரிந்தன, அதுவும் எது யாருடையது என்பது எங்களுக்கு முன்பே தெரியும். திரையிலோ, மங்கிய வெளிச்சத்தில், மங்கிய சுவரின்மேல், இரண்டு கறுப்புக் குடைகளும் ஒட்டிக்கொண்டு தடித்த நிழலோடு கூடிய ஒற்றைக் குடையாகிவிட்டன. சரி, நிறத்தை மாற்றுவோம் என்று மஞ்சள் குடை ஒன்றைத் தேடிப் பிடித்து, அந்தக் கடைசி ஷாட்டை மட்டும் திரும்ப எடுத்தோம். வேறு நால்வருக்குக் காட்டினோம். இந்தமுறை எல்லோருக்கும் குடைகள் இரண்டாகவே தெரிந்தன. அவர்களில் ஒருவர் சொன்ன கருத்து: "பரவாயில்லையே, இரண்டு குடை வைத்திருக்கிறாள்."

அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

திகில் என்றால் மறைப்பது என்றே நாங்கள் நம்பியிருந்தோம். எனவே எல்லாவற்றையும் மறைத்தோம். அவள் முகத்தை முதல் ஒரு நிமிடம் காட்டவில்லை. கால்களையும், சாவி பிடித்த கையையும், முதுகையும் மட்டும் காட்டினோம். அவள் தனியாக வசிக்கிறாள் என்பதற்கு எங்கேயும் ஒரு குறிப்புகூட வைக்கவில்லை, ஏனென்றால் அதைச் சொல்லிவிட்டால் முடிவை யூகித்துவிடுவார்கள் என்று அஞ்சினோம். விளைவு, ஏறக்குறைய நூற்றுப்பத்து நொடிகளுக்கு ஒரு பெண் வீட்டுக்குள் நடமாடுவதை, எதற்காகப் பார்க்கிறோம் என்ற எண்ணமே இல்லாமல் பார்ப்பவர் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி மூன்று நொடிகளில் நாங்கள் திரையை விலக்கியபோது, அதற்குப் பின்னால் ஏதோ இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது. தெரியாத ஒன்றைப் பற்றி ஒருவர் எப்படிப் பயப்படுவார்?

திகில் படங்களுக்குப் பேர்போன இயக்குநர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் 1962-ல் பிரெஞ்சு இயக்குநர் ஃபிரான்சுவா ட்ரூஃபோவுடன் நடத்திய நீண்ட உரையாடலில் இதைத்தான் ஒரு வெடிகுண்டை வைத்து விளக்கியிருக்கிறார். மேசையைச் சுற்றி உட்கார்ந்து சிலர் எதையோ பேசிக்கொண்டிருக்க, அடியில் இருந்த குண்டு திடீரென்று வெடித்தால், பார்ப்பவருக்குக் கிடைப்பது 15 நொடி அதிர்ச்சி. குண்டு ஒரு மணிக்கு வெடிக்கும் என்பதும், சுவர்க்கடிகாரத்தில் இப்போது ஒன்றாக 15 நிமிடம் இருக்கிறது என்பதும் பார்ப்பவருக்கு மட்டும் தெரிந்திருந்தால், அதே சாதாரணப் பேச்சு 15 நிமிடம் அவரை நாற்காலி நுனியில் உட்கார வைக்கும். இதை நாங்கள் பாடமாகப் படித்திருந்தோம், தேர்வில் எழுதியும் இருந்தோம். படித்தது கைக்கு வருவதற்கு எட்டுப் பேர் முன்னால் தலைகுனிய வேண்டியிருந்தது.

இன்னும் வெட்கமான செய்தி ஒன்று உண்டு. ஆர்சன் வெல்ஸ் இயக்கிய 'டச் ஆஃப் ஈவில்' (1958) படத்தின் தொடக்கத்தில் மூன்று நிமிடத்துக்கும் மேல் வெட்டே இல்லாமல் ஓடும் ஒரே ஷாட்டை வகுப்பில் பார்த்ததிலிருந்து எங்களுக்கு அதன்மேல் பித்து. அதைப் போல நாமும் ஒன்று எடுத்தே தீர வேண்டும் என்று, சக்கரம் வைத்த அலுவலக நாற்காலியில் ஒளிப்பதிவாளரை உட்கார வைத்து, தரையில் கம்பளத்தை விரித்து, வாசலிலிருந்து அறைவரை பின்னால் இழுத்துக்கொண்டே போனோம். கேமரா எப்படி ஏறி இறங்குகிறது, எந்த இடத்தில் திரும்புகிறது என்பதையெல்லாம் குறிப்பெடுத்த நாங்கள், அந்த ஷாட்டின் முதல் சில நொடிகளில் என்ன நடக்கிறது என்பதைக் கவனிக்கவே இல்லை. ஒரு கை வெடிகுண்டின் கடிகாரத்தைத் திருகி வைக்கிறது, அதைக் காரின் பின்பெட்டியில் போட்டுவிட்டு ஓடுகிறது. காரின் சொந்தக்காரர்கள் எதுவும் அறியாமல் வந்து ஏறுகிறார்கள். பிறகு கேமரா எவ்வளவு அழகாக மிதந்தால் என்ன, மிதக்காவிட்டால் என்ன, அந்தக் கார் ஒவ்வொரு முறை நிற்கும்போதும் நமக்குத் திக்கென்கிறது. நாங்கள் கேமராவின் நடையைக் காப்பியடித்துவிட்டுக் குண்டை வைக்க மறந்துவிட்டோம்.

முடிவை யூகித்துவிடுவார்களே என்ற பயம் எங்களில் ஒலியைக் கவனித்துக்கொண்ட நண்பருக்கு மட்டும் கடைசிவரை போகவில்லை. மர்மம் என்று ஒன்று வேண்டாமா என்று வாதாடினார். அவருக்குச் சொல்லும் பதிலாக எனக்குத் தோன்றியது எஸ். பாலச்சந்தரின் 'அந்த நாள்' (1954). பாட்டே இல்லாமல் வந்த அந்தப் படம் ஒரு துப்பாக்கிச் சுட்டில்தான் தொடங்குகிறது. கதாநாயகனாக நடித்த சிவாஜி கணேசன் தொடக்கத்திலேயே சுடப்பட்டு விழுந்துவிடுகிறார். மறைக்கப்படுவது சுட்டவர் யார் என்ற ஒன்றுதான். ஒருவர் செத்துவிட்டார், கொன்றவர் இருக்கிறார் என்பவை முதலிலேயே நம் கையில் கொடுக்கப்பட்டுவிடுகின்றன. மர்மக் கதைகூடக் கேள்வி என்ன என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட்டுத்தான் பதிலை ஒளித்துவைக்கிறது. நாங்கள் கேள்வியையே ஒளித்துவைத்திருந்தோம்.

ஆகவே குண்டை முதலில் வைத்தோம். புதிதாக எடுத்தது ஒரே ஒரு ஷாட், நீளம் 9 நொடி. படம் இதில்தான் தொடங்குகிறது: இருண்ட வாசல், தரைமட்டத்தில் கேமரா, சுவரோரம் வளைந்த கைப்பிடியோடு ஒரு நீளக் குடை, அதன் நுனியிலிருந்து சொட்டும் நீர், கீழே உள்ளங்கை அகலத்துக்குத் தேங்கியிருக்கும் ஈரம். ஆறாவது நொடியில், வெளியே, பூட்டில் சாவி நுழையும் ஓசை. அவ்வளவே. வெளியிலிருந்து பூட்டிய வீட்டுக்குள் நனைந்த குடை இருக்கிறது. அதற்குப் பிறகு அவள் கதவைத் திறந்துகொண்டு வந்து, தலைமுடியை உதறியபடி, பார்க்காமலேயே தன் மஞ்சள் மடக்குக் குடையை அதன் பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டு உள்ளிருந்து தாழிடுகிறாள். இந்தக் காட்சியை நாங்கள் புதிதாக எடுக்கவில்லை. நிறத்தை மாற்றித் திரும்ப எடுத்த அன்றே, இருக்கட்டும் என்று சேர்த்து எடுத்து வைத்திருந்த டேக் (ஒரே ஷாட்டைத் திரும்பத் திரும்ப எடுப்பதில் ஒரு முறை எடுத்தது) அது. முன்னால் அந்த 9 நொடியைச் சேர்த்ததும், எதுவுமே நிகழாத அந்த டேக் படத்திலேயே பார்க்க முடியாத அளவுக்கு நெருக்கடியான இடமாகிவிட்டது.

அந்த டேக்கைத் தேர்ந்தெடுத்த கதையையும் சொல்ல வேண்டும். எங்களிடம் ஐந்து டேக்குகள் இருந்தன. நான்கில், என் அறிவுரைப்படி, அந்தப் பெண்ணாக நடித்த எங்கள் தோழி லேசான கலவர முகத்தோடு உள்ளே வருகிறாள். திகில் படம் என்பதால் நாயகி தொடக்கத்திலிருந்தே கலவரமாக இருக்க வேண்டும் என்று எனக்கு அப்போது எண்ணம். ஐந்தாவதில் அவளுக்குக் களைப்பு, பசி, நாலுமுறை ஒரே வேலையைச் செய்த எரிச்சல். முகத்தில் ஒன்றுமே இல்லை. படத்தில் இருப்பது அதுதான். சோவியத் இயக்குநர் லெவ் குலெஷோவ் உணர்ச்சி காட்டாத ஒரே முகத்தைக் கஞ்சிக் கிண்ணம், சவப்பெட்டி, பெண் என்று வெவ்வேறு காட்சிகளோடு ஒட்டிக் காட்டியபோது, அந்த முகத்தில் பசியையும் துயரத்தையும் ஆசையையும் பார்த்தவர்களே படித்துக்கொண்டார்கள் என்று சொல்லப்படுவதுண்டு. எங்கள் தோழியின் எரிச்சல் முகத்தில் பார்த்தவர்கள் எதையும் அறியாத ஒரு பெண்ணைப் படித்துக்கொண்டார்கள். பாராட்டும் அவளுக்கே கிடைத்தது.

9 நொடி என்ற கணக்கு எளிதில் கிடைத்ததல்ல. நொடிக்கு 25 ஃபிரேம், அதாவது 25 தனித்தனிப் படங்கள், வீதம் அது 225 ஃபிரேம். அந்த ஒரு ஷாட்டுக்குப் படத்தொகுப்பு மென்பொருளின் டைம்லைனில் நாங்கள் செலவிட்ட நேரம் மற்ற எல்லாவற்றுக்கும் செலவிட்டதைவிட அதிகம். 5 நொடி வைத்தபோது பார்த்தவர்கள் இருட்டில் கண் பழகுவதற்குள் ஷாட் முடிந்துவிட்டது. 12 வைத்தபோது, குடையை முழுதாகப் பார்த்து முடித்துவிட்டுக் கைப்பேசியை எடுத்துவிட்டார்கள். இதைச் சோதிக்க ஒவ்வொரு முறையும் படத்தை அதுவரை பார்க்காத ஒருவர் வேண்டும். ஒருமுறை பார்த்தவருக்குக் குடை எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும், பிறகு அவர் கண் நேரே அங்கேதான் போகும். கடைசியில், புதுக்கண் கிடைக்காமல், தெரிந்தவர்களின் தம்பி தங்கைகளையெல்லாம் பிடித்து உட்கார வைத்தோம்.

நீர்த்தேக்கம் எங்களுக்கு ஒரு கடிகாரமாக வாய்த்தது. குடை சொட்டச் சொட்டத் தரையின் ஈரம் விரிந்துகொண்டே போகும், அது எவ்வளவு நேரமாக ஒருவர் உள்ளே இருக்கிறார் என்பதைச் சொல்லிக்கொண்டே இருக்கும். இதை யோசித்துச் செய்தோம் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில் இது ஒரு தவறிலிருந்து தெரியவந்தது. விளக்கு வைப்பதற்கு வசதி என்று கடைசி ஷாட்டை முதலில் எடுத்திருந்தோம். அப்போது தேக்கம் சிறியது. அதற்குப் பிறகு எடுத்த முதல் ஷாட்டில், ஒரு குவளை நீரைத் தாராளமாகவே ஊற்றியதால், தேக்கம் பெரியது. ஒட்டிப் பார்த்தால் நேரம் போகப் போகத் தரை காய்ந்துகொண்டு வருகிறது. ஷாட்டுக்கு ஷாட் எதுவும் முரண்படாமல் பார்த்துக்கொள்ளும் கன்டினியூட்டி என்பதற்குப் பெரிய படங்களில் தனியாக ஓர் ஆளை ஏன் வைக்கிறார்கள் என்பது அன்று விளங்கியது. தரையைத் துடைத்துவிட்டு, அளவுகோல் வைத்து, முதல் ஷாட்டுக்கு 10 செ.மீ., அவள் வரும்போது 25, முடிவில் கால்மிதியைத் தொடும் அளவுக்கு 40 என்று குறித்துக்கொண்டு, தேவையானவற்றைத் திரும்ப எடுத்தோம். விளக்குச் சூட்டில் குடைத்துணி நிமிடத்துக்குள் உலர்ந்துவிடுவது இன்னொரு தொல்லை. கிளிசரினையும் நீரையும் பாதிக்குப் பாதி கலந்து தெளித்தால் துளிகள் உருண்டு நிற்கும், எளிதில் காயாது என்று எங்கோ படித்ததைச் செய்து பார்த்தோம், நின்றது. குடையின் சொந்தக்காரர் பிறகு அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார்.

அந்த ஈரம் கண்ணுக்குத் தெரிவதே பெரும்பாடு. மேலிருந்து வெளிச்சம் போட்டால் நீர் தரையோடு தரையாகிவிடுகிறது. கேமராவுக்கு எதிர்ப்பக்கத்தில், தரையை ஒட்டினாற்போல் ஒரு சிறிய எல்.இ.டி. விளக்கை வைத்து, அது கேமராவை நோக்கி வரும்படி சாய்த்த பிறகுதான் நீர்ப்பரப்பு பளபளத்தது, ஒவ்வொரு துளி விழும்போதும் அந்தப் பளபளப்பு நடுங்கியது. குடையின் விளிம்பிலும் ஒரு வெள்ளைக் கோடு கிடைத்தது. இருட்டைப் படம்பிடிக்க விளக்கை அணைத்தால் போதும் என்று நினைத்திருந்தவர்கள் நாங்கள். முதல் நாள் அப்படித்தான் எடுத்தோம். இருட்டறையில் கேமராவின் சின்னத் திரை பளிச்சென்று தெரிந்ததால் எல்லாம் நன்றாக இருப்பதாகத் தோன்றியது. மறுநாள் கணினியில் பார்த்தால் கறுப்பு. வெளிச்சத்தைக் கூட்டியபோது கறுப்புக்குள்ளிருந்து மணல்மணலாகப் புள்ளிகள் எழும்பின. இரண்டாம் நாளிலிருந்து கண்ணை நம்பாமல், படத்தில் எவ்வளவு இருள், எவ்வளவு வெளிச்சம் என்று கேமரா காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமை நம்பினோம்.

அறையின் டியூப்லைட் தந்த பாடம் வேறு. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் அவ்வகை விளக்கின் ஒளி நொடிக்கு 100 முறை கூடிக் குறைகிறது. நம் கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒளி விழும் நேரத்தைத் தீர்மானிக்கும் ஷட்டரை 1/125 நொடியில் வைத்திருந்ததால் படம் முழுவதும் பட்டைபட்டையாக ஒளி ஓடியது. 1/50-க்கு மாற்றியதும் நின்றுவிட்டது, ஏனென்றால் அந்த நேரத்துக்குள் ஒளியின் இரண்டு துடிப்புகள் முழுதாக அடங்கிவிடுகின்றன. திகில் படம்தானே, விளக்கு மினுங்கினால் நல்லதுதானே என்று ஒருவர் சொன்னதை மற்ற மூவரும் ஏற்கவில்லை. சொன்னவர் நான்.

ஒலியில்தான் எனக்கு மிகுந்த நிறைவு. உண்மையான மழையைச் சன்னலோரம் நின்று பதிவு செய்து கேட்டால், அலைவரிசை கிடைக்காத பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் இரைச்சல் போலத்தான் இருந்தது. மழைக்கென்று தனியாக ஓசை கிடையாது போலும். அது எதன்மேல் விழுகிறதோ அதன் ஓசைதான் நம் காதில் மழையாகிறது. குடைத்துணி, இலை, கவிழ்த்த பிளாஸ்டிக் மூடி என்று மூன்றின்மேல் நீர் விழுவதைத் தனித்தனியாக, மைக்கை மிக அருகில் வைத்துப் பதிவு செய்து, அந்த இரைச்சலின்மேல் அடுக்கினோம். யூனிவர்சல் ஸ்டுடியோவில் இப்படி ஓசைகளைச் செய்து சேர்த்த ஜாக் ஃபோலியின் பெயரால்தான் இந்த வேலைக்கு ஃபோலி என்று பெயர். அவள் கதவைச் சாத்தும் கணத்தில் மழையின் கூர்மையான ஓசைகளை மட்டும் வடிகட்டி, வெளியே எங்கோ தொலைவில் பெய்வதுபோல் மங்கவைத்தோம். மழை அடங்கியதும் சொட்டும் ஓசை மேலே வருகிறது.

ஒலியைக் கவனித்துக்கொண்ட நண்பர், முடிவு தெரிந்துவிடுமே என்று வாதாடிய அதே நண்பர்தான், இங்கே ஒரு காரியம் செய்தார். இப்போதுதான் மழையிலிருந்து வந்த குடை வேகமாகச் சொட்டும், வெகுநேரமாக நிற்கும் குடை மெதுவாகச் சொட்டும். மஞ்சள் குடைக்கு நொடிக்கு ஒரு சொட்டு, நீளக் குடைக்கு மூன்று நொடிக்கு ஒரு சொட்டு என்று இரண்டு தாளங்களை வைத்து, ஒன்றை இடப்பக்கமும் மற்றொன்றை வலப்பக்கமும் பிரித்துவிட்டார். அவள் அறைக்குள் இருக்கும்போது, வாசலே திரையில் இல்லாதபோதும், இரண்டு சொட்டுகளும் கேட்டுக்கொண்டே இருக்கின்றன. பிறகு ஒரு கட்டத்தில் மெதுவான சொட்டு மட்டும் நின்றுவிடுகிறது. இதைக் காது கொடுத்துக் கேட்டவர்கள் மிகச் சிலர்தான். கேட்டவர்கள் ஏறிட்டுப் பார்த்ததை நான் பார்த்தேன். முன்பு பின்னணியில் போட்டிருந்த மிரட்டும் இசையை அன்றே எடுத்துவிட்டோம்.

அறையின் வெறும் அமைதியைத் தனியாக ஒரு நிமிடம் பதிவு செய்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பதை மறந்துபோனதால், ஒவ்வொரு வெட்டிலும் பின்னணி முணுமுணுப்பு மாறி மாறிக் கேட்டது. குளிர்சாதனப் பெட்டியின் வேலை அது. மறுநாள் போய் அதை அணைத்துவிட்டு ரூம் டோனைப் பதிவு செய்தோம், திரும்பப் போடாமலே வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்துவிட்டோம். அணைத்ததும் நம் வண்டிச்சாவியை அதற்குள் வைத்துவிட வேண்டும், அப்போதுதான் மறக்காமல் திறப்போம் என்று இந்தத் தொழிலில் பழைய வழக்கம் ஒன்று உண்டாம். இது வீட்டுக்காரருக்குத் தெரிவதற்கு முன்னால் எங்களுக்குத் தெரிந்திருக்கலாம்.

9 நொடியை உள்ளே கொண்டுவர வேறு எதையாவது வெளியே அனுப்பியாக வேண்டும், ஏனென்றால் முதல் வடிவமே 1 நிமிடம் 58 நொடி. வெளியே போனது நாற்காலி ஷாட், 22 நொடி. அரைநாள் உழைப்பு, இரண்டு முறை சுவரில் இடி, ஒளிப்பதிவாளரின் முழங்கையில் சிராய்ப்பு, எல்லாம் அதோடு போயின. படத்தொகுப்பாளர் வால்டர் மர்ச் ஒரு வெட்டுக்கு ஆறு அளவுகோல்களைச் சொல்லி, உணர்ச்சிக்கு 51 விழுக்காடும் கதைக்கு 23 விழுக்காடும் கொடுத்து, மிச்சத்தைத் தாளம் முதலிய நான்குக்குப் பங்கிட்டிருக்கிறார். முப்பரிமாண இடத் தொடர்ச்சிக்கு அவர் தருவது வெறும் 4. நாற்காலி ஷாட்டை வைத்திருக்க நாங்கள் சொன்ன ஒரே காரணம் வீட்டின் அமைப்பு அதில் தெளிவாகப் புரிகிறது என்பது. அந்த 4-க்காக 22 நொடி கொடுக்க முடியாது என்று ஒளிப்பதிவு செய்த நண்பரே சொன்னார். சொல்லிவிட்டு அன்று மாலை யாருடனும் பேசவில்லை.

டைட்டில்களைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. இரத்தம் வழியும் எழுத்துரு ஒன்றைத் தேடித் தேடித் தரவிறக்கியிருந்தோம். நீர் சொட்டும் படத்தில் இரத்தம் சொட்டும் எழுத்து எதற்கு என்று தூக்கிவிட்டு, சிறிய வெள்ளை எழுத்துகளை ஃபிரேமில் வெறுமையாக இருக்கும் பக்கத்தில் வைத்தோம். முதல் 9 நொடியில் மட்டும் எந்தப் பெயரும் வராது. கண்ணுக்கு அங்கே வேறு வேலை இருக்கிறது. படத்தின் பெயர் 'சொட்டு'. 'இரண்டாவது குடை' என்று வைக்கலாம் என்று தோழி முதலிலேயே சொன்னாள். முடிவைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று மூவரும் சேர்ந்து மறுத்தோம். இவ்வளவு நடந்த பிறகு அவள் சொன்னது சரியாக இருந்திருக்குமோ என்று தோன்றுகிறது.

இறுதி வடிவத்தை வகுப்பில் திரையிட்டபோது நான் திரையைப் பார்க்கவில்லை, பார்ப்பவர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் தன் குடையை மற்றதன் பக்கத்தில் சாய்த்து வைத்த இடத்தில், பின்வரிசையில் யாரோ நாக்கை உச்சுக்கொட்டினார்கள். அந்த ஓசை எனக்கு மதிப்பெண்ணைவிடப் பெரிதாகப் பட்டது. முடிந்ததும் ஆசிரியர் சில குறைகளைச் சொன்னார். கதவுக் கண்ணாடியில் ஒரு நொடி மைக் பிடித்த கை தெரிகிறது என்றார், தெரிகிறது. பிறகு, இந்தப் படம் மூன்றாவது நிமிடத்தில் எங்கே போகும், உள்ளே இருப்பவர் யார் என்று கேட்டார். எங்களுக்குள் அதைப் பேசி வைத்துக்கொள்ளவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. திருடன் என்றார் ஒளிப்பதிவாளர். அவளை வெகுநாளாகப் பின்தொடரும் ஒருவன் என்று நான் சொன்னேன். மெதுவான சொட்டு ஏன் நின்றது என்று யோசியுங்கள், அவர் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார், வந்தவர் அவளுக்கு வேண்டியவர்தான் என்றார் ஒலி நண்பர். அப்படியானால் கடைசி ஷாட்டில் குடை இரண்டாக நிற்கிறதே என்று கேட்க யாருக்கும் வாய் வரவில்லை.

தோழி கடைசியாகப் பேசினாள். எங்கள் மூவரையும் முறைத்துவிட்டு, "அது யாருடைய குடை என்று எனக்கு முன்னாலேயே சொல்லியிருந்தால், கடைசியில் அதை வேறு மாதிரி பார்த்திருப்பேன்" என்றாள்.